மும்பையில் கான்ஃபரன்ஸுக்கு நடுவே டவுனைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலை விஷயமாக மும்பை வரும் நண்பர்களை வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் இருப்பது மாட்டுங்காவில். டவுன் என்று நாங்கள் சொல்வது தெற்கு மும்பையை, அதாவது வி.டி. ரயில் நிலையம், ஃபோர்ட், காலா கோடா, கொலாபா, சர்ச்கேட் எல்லாம் சேர்ந்த பகுதியை.

தனியாகக் கிளம்பிப் போனவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். கதை ஒன்றேதான்: சாயங்காலம் ஐந்தரைக்கு செஷன் முடிந்ததும் டாக்ஸி பிடித்து, இருட்டியபின் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் இறங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். இந்த ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் கணக்கு. கீழே உள்ள வரிசை முழுக்க அதை வைத்துப் போட்டதுதான்.

1. எந்த அரை நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கான்ஃபரன்ஸ் அட்டவணை கைக்கு வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். மும்பையில் காலையில் கூட்டம் தெற்கே போகும், சாயங்காலம் வடக்கே திரும்பும். காலை எட்டு முதல் பத்தரை வரை தெற்கே போகும் ரயிலிலும், மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை வடக்கே வரும் ரயிலிலும் புதிதாக வந்தவர் ஏறவே கூடாது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அந்த நெரிசலில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும்.

ஆகவே நல்ல நேரம் என்று பார்த்தால், மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி இரவு ஒன்பதுக்கு மேல் திரும்புவது. இல்லையென்றால் விடிவதற்கு முன் கிளம்பி ஒன்பதரை, பத்துக்குள் ஹாலுக்கு வந்துவிடுவது. இரண்டுக்கும் நடுவில் எதையாவது நுழைக்கப் பார்த்தால் பாதி நேரம் வழியிலேயே போய்விடும்.

மூன்று நாள் கான்ஃபரன்ஸ் என்றால் நான் இரண்டாம் நாள் மதியத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். முதல் நாள் எல்லோரையும் சந்திக்க வேண்டியிருக்கும், கடைசி நாள் பெட்டியும் விமானமும் மனதை அரித்துக்கொண்டே இருக்கும்.

கிழமையையும் பாருங்கள். திங்கட்கிழமை நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட்டும் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகமும் மூடியிருக்கும், எலிஃபெண்டா குகைகளுக்கும் அன்று விடுமுறை. ஞாயிறு ஃபோர்ட்டில் அலுவலகங்கள் இல்லாததால் தெருக்கள் காலியாக இருக்கும், நடக்கவும் படம் எடுக்கவும் அருமை, ஆனால் பல கடைகளும் சாப்பாட்டு இடங்களும் மூடியிருக்கும்.

2. முந்தைய இரவே தயார் செய்ய வேண்டியவை

லேப்டாப்பை ஹோட்டலில் வையுங்கள். மதியம் ஹாலிலிருந்து நேராகக் கிளம்புவதாக இருந்தால் காலையிலேயே லேப்டாப் இல்லாமல் வாருங்கள், அல்லது அங்கே பை வைக்கும் கவுன்ட்டர் இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர் நடக்கப் போகிறீர்கள், தோளில் கனம் இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே டாக்ஸியைத் தேடுவீர்கள். பெரிய பை இருந்தால் கேட்வே சோதனையிலும் நேரம் போகும்.

அடுத்தது ஷூ. கான்ஃபரன்ஸுக்குப் போடும் தோல் ஷூவோடு வந்து காலா கோடாவில் குதிகால் தோல் உரிந்து உட்கார்ந்துவிட்டவர்கள் உண்டு. பழகிய செருப்போ கேன்வாஸ் ஷூவோ ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து மதியம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்ஜைக் கழற்றுங்கள். இதை எல்லோருமே மறக்கிறார்கள். கோவையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பேட்ஜோடு கேட்வே பக்கம் போனார். ஒருவர் சிரித்த முகமாக வந்து அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் சொல்லிக் கூப்பிட, இவர் சக டெலிகேட் என்றே நினைத்துப் பதினைந்து நிமிஷம் பேசியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் படகு சவாரிக்கும் ஷாப்பிங்குக்கும் ஆள் பிடிப்பவர். பேட்ஜில் உள்ளதைத்தான் அவர் படித்திருக்கிறார்.

மற்றபடி தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், கொஞ்சம் சில்லறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்கள் குடை இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள். அந்த மாதங்களில் அன்றைய கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், எதற்கு என்று மரைன் டிரைவ் பகுதியில் சொல்கிறேன்.

3. டவுனுக்குப் போய்ச் சேர்வது

ஆட்டோ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாந்த்ராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. அங்கிருந்து காலி-பீலி என்று சொல்லும் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிதான். 2025 பிப்ரவரியில் டாக்ஸிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய் என்று ஆக்கினார்கள். ஏறும் முன் மீட்டர் போடுவாரா என்று கேளுங்கள், மொத்தமாக ஒரு தொகை சொன்னால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.

கான்ஃபரன்ஸ் எங்கே என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பி.கே.சி. என்கிற பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் என்றால் மூன்றாம் தட மெட்ரோதான், யோசிக்கவே வேண்டாம். 2025 அக்டோபரில் அது கஃப் பரேட் வரைக்கும் முழுதாகத் திறந்தபின் என் வழிகாட்டலே மாறிவிட்டது. முன்பெல்லாம் பாந்த்ரா ஸ்டேஷனுக்குப் போகவே அரை மணி நேரம் பிடிக்கும். இப்போது பி.கே.சி.யில் ஏறினால் தாதர், வொர்லி, மகாலட்சுமி, கால்பாதேவி வழியாக நேரே வி.டி., அதாவது சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன். முழுக்க சுரங்கம், மழைக்கும் டிராஃபிக்குக்கும் சம்பந்தமே இல்லை. கீழே இறங்கியபின் போன் சிக்னலை நம்ப வேண்டாம், டிக்கெட்டை மேலேயே எடுத்துவிடுங்கள்.

கோரேகாவ் நெஸ்கோ மைதானத்தில் என்றால் பக்கத்தில் ராம் மந்திர் ஸ்டேஷன். மேற்கு ரயில்வேயில் சர்ச்கேட் வண்டி பிடிக்கலாம். போவாய் ஹோட்டல்களில் என்றால் காஞ்சுர்மார்க் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் மத்திய ரயில்வேயில் வி.டி. வண்டி. இரண்டு இடத்திலிருந்தும் மதியம் ஒரு மணிக்கு மேல் ஏறினால் பெரும்பாலும் உட்காரவே இடம் கிடைக்கும்.

உள்ளூர் ரயிலில் மூன்று விஷயம் கவனியுங்கள். இண்டிகேட்டரில் ஊர்க் குறியீட்டோடு 'எஃப்' என்று இருந்தால் ஃபாஸ்ட், 'எஸ்' என்றால் ஸ்லோ. ஃபாஸ்ட் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. பெட்டியில் ஏறும் முன் பெண்கள் பெட்டியா, முதல் வகுப்பா, மாற்றுத் திறனாளிகள் பெட்டியா என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். முதல் வகுப்புப் பெட்டி இங்கே வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு அதில் ஏறி அபராதம் கட்டிய சென்னைக்காரர்கள் நிறைய. ரயில்வே செயலியில் டிக்கெட் எடுப்பதானால் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுங்கள். உள்ளே நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க விடாது.

நாலு பேர் சேர்ந்து போனால் கார் சரிதான். பாந்த்ரா-வொர்லி கடல் பாலம் ஏறி கோஸ்டல் ரோடு வழியாகப் போனால் மரைன் டிரைவிலேயே கொண்டுவந்து விடும். போவதற்கு மட்டும் இது, திரும்புவதற்கு இல்லை.

4. வி.டி.யில் தொடங்குங்கள், மரைன் டிரைவில் முடியுங்கள்

கேட்வேயில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காரணம் வெயில். வி.டி.யின் முகப்பும் ஓவல் மைதானத்தை ஒட்டிய உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் மேற்கு பார்த்தவை. மதியத்துக்கு மேல் சாய்ந்த வெயில் அவற்றின் மேல் விழும்போதுதான் கல்லின் நிறமும் செதுக்கலும் தெரியும். கேட்வேயும் தாஜ் ஹோட்டலும் கிழக்கே துறைமுகம் பார்த்தவை, அவற்றுக்குக் காலைதான். மரைன் டிரைவில் சூரியன் கடலுக்குள் இறங்கும். ஆகவே மதியம் கிளம்புகிறவர் வி.டி.யில் இறங்கி, நடந்து, அஸ்தமனத்துக்கு மரைன் டிரைவ் போய்ச் சேர வேண்டும்.

அஸ்தமனம் நவம்பர் கடைசியில் ஆறு மணி, ஜூன் கடைசியில் ஏழே காலைத் தாண்டும். அந்த நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரத்தைப் பின்னால் கழித்தால் வி.டி.யில் நீங்கள் இருக்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

வி.டி.யை உள்ளே இருந்து பார்ப்பதோடு விடாதீர்கள். 1888ல் கட்டி முடித்த இந்தக் கட்டடம் 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முழுதாகத் தெரிய வேண்டுமானால் சுரங்கப்பாதை வழியாகத் தெருவின் எதிர்ப்பக்கம், மாநகராட்சிக் கட்டடத்தின் அருகே வர வேண்டும். சாலையை நேரே கடக்கப் பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் வந்ததும் பசித்தால் ஆராம் கடையில் ஒரு வடா பாவ், நின்றுகொண்டே சாப்பிட்டுவிடலாம்.

5. டி.என். ரோடு வழியாக ஹுதாத்மா சௌக்

தாதாபாய் நௌரோஜி ரோட்டில் தெற்கே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் கட்டடங்களின் கீழேயே தூண்கள் வைத்த நடைபாதை ஓடும், அதற்குள்ளேயே நடங்கள். வெயிலிலும் மழையிலும் அதுதான் நிழல். ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எதிர்ப்பக்கக் கட்டடங்களை அண்ணாந்து பாருங்கள், தரைத்தளத்தில் கடைப்பலகைகள் எல்லாவற்றையும் மறைத்திருக்கும், அழகெல்லாம் முதல் மாடிக்கு மேலேதான்.

முடிவில் ஃப்ளோரா ஃபவுண்டன், 1864ல் வைத்தது. பக்கத்தில், மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு நடந்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களின் நினைவுச் சின்னம் இருக்கிறது, ஹுதாத்மா சௌக் என்ற பெயர் அதனால் வந்தது. நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் இருப்பார்கள். புத்தகப் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இங்கே பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் அஸ்தமனம் போய்விடும்.

6. ஹார்னிமன் சர்க்கிள் திருப்பத்தை விடாதீர்கள்

இங்கிருந்து எல்லோரும் நேராகக் காலா கோடா போய்விடுகிறார்கள். இடது பக்கம் வீர் நரிமன் ரோட்டில் ஐந்தாறு நிமிஷம் நடந்தால் செயின்ட் தாமஸ் கதீட்ரல். 1718ல் திறந்த தேவாலயம். அந்தக் காலத்தில் இதைச் சுற்றிக் கோட்டை மதில் இருந்தது, இந்தத் தேவாலயத்துக்குப் போகும் மதில் வாசல்தான் சர்ச்கேட். இன்று சர்ச்கேட் ஸ்டேஷன் இங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் கால்வலியோடு உணரும்போது, 1860களில் மதிலை இடித்தபின் ஊர் எப்படி மேற்கே பரவியது என்பது தானாகப் புரிந்துவிடும்.

அதைத் தாண்டினால் வட்டமான தோட்டம், அதுதான் ஹார்னிமன் சர்க்கிள், எதிரே ஏஷியாட்டிக் சொசைட்டி இருக்கும் டவுன் ஹால், 1833ல் கட்டியது. 1822 முதல் இன்றுவரை வந்துகொண்டிருக்கும் குஜராத்திப் பத்திரிகையான மும்பை சமாசாரின் அலுவலகமும் அருகில்தான். ஃபோர்ட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தோட்டத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், நடையில் பாதி முடிந்தது.

பிறகு பம்பாய் சமாசார் மார்க் வழியாகத் தெற்கே, பங்குச் சந்தைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே காலா கோடா.

7. காலா கோடாவில் ஒன்றை மட்டும் எடுங்கள்

இங்கே வரிசையாக ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, டேவிட் சசூன் நூலகம், நீலநிற யூத வழிபாட்டுத் தலம், எதிரே பெரிய அருங்காட்சியகம் என்று எல்லாம் நெருங்கி இருக்கும். எல்லாவற்றிலும் நுழைந்தால் எதுவும் மனதில் நிற்காது.

அரை நாள் மட்டும் இருப்பவர் ஜஹாங்கீருக்குள் போய் வாருங்கள். அனுமதி இலவசம், அரை மணியில் பார்த்துவிடலாம், ஓவியர்களே பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் பேசுவார்கள். சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிராலயா என்கிற அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், மாலை ஆறுக்கு மூடிவிடுவார்கள். அதற்கு இன்னொரு நாள் காலை பத்தேகாலுக்கு, திறக்கும்போதே வருவதுதான் மரியாதை. ஐந்து மணிக்கு டிக்கெட் வாங்கி ஓட்டமாக ஓடாதீர்கள்.

8. கேட்வே: நேரம் இருந்தால் மட்டும்

ரீகல் சர்க்கிள் வழியாகப் பத்து நிமிஷ நடை. 1924ல் திறந்தது, சோதனை வரிசை இருக்கும், கூட்டமும் இருக்கும். நவம்பர், டிசம்பரில் வந்திருந்தால் இதை விட்டுவிட்டு நேரே ஓவலுக்குப் போங்கள். மும்பை வந்து கேட்வே பார்க்கவில்லையா என்று ஊரில் கேட்பார்கள், பரவாயில்லை, கடைசிப் பகுதியில் அதற்கும் வழி சொல்லியிருக்கிறேன்.

எலிஃபெண்டா படகை இந்த நடையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அது தனி நாள் வேலை.

9. ஓவல் மைதானம், பிறகு கடல்

மைதானத்தின் நடுவே குறுக்காக ஒரு பாதை போகும். அதில் நின்று கிழக்கே பார்த்தால் ராஜாபாய் கோபுரமும் உயர் நீதிமன்றமும், 1870களின் கோதிக் கட்டடங்கள். அப்படியே திரும்பி மேற்கே பார்த்தால் 1930களின் ஆர்ட் டெகோ வீடுகள், வளைந்த பால்கனிகளோடு. நடுவே பையன்கள் ஒரே மைதானத்தில் ஏழெட்டு மேட்ச் ஆடிக்கொண்டிருப்பார்கள். 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த இரண்டு வரிசையும் சேர்ந்துதான். எத்தனை தடவை வந்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கால் நின்றுவிடும். நீதிமன்றத்துக்குள் படம் எடுக்கப் போகாதீர்கள், மைதானத்திலிருந்தே போதும்.

இங்கிருந்து சர்ச்கேட் ஸ்டேஷனைத் தாண்டி மேற்கே நேராக நடந்தால் மரைன் டிரைவ். அஸ்தமனத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் போய்ச் சுவரில் இடம் பிடித்துவிடுங்கள். சூரியன் இறங்கியதும் எழுந்துவிடாதீர்கள், விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து வளைவு முழுக்க ஒளி பிடிப்பதற்கு அரை மணி ஆகும், அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் கடல் ஏற்றத்தின்போது அலை சுவரைத் தாண்டி வந்து அடிக்கும். அப்போது தெருவின் மறுபக்கம் நில்லுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கான்கிரீட் கற்களில் எந்தக் காலத்திலும் இறங்காதீர்கள், வழுக்கும், உயிர் போயிருக்கிறது.

10. சாப்பாடும் திரும்புவதும்

இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் எட்டரை வரை உங்களால் திரும்ப முடியாது. அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள். ஃபோர்ட் சந்துகளில் உடுப்பி ஹோட்டல்கள் நிறைய. இரானி கடை, அதாவது இரானிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய பழைய டீக்கடை, பார்க்க வேண்டுமானால் மதியம் நடையைத் தொடங்கும் முன்பே, மெட்ரோ சினிமா பக்கம் 1904 முதல் இருக்கும் கயானியில் பன் மஸ்காவும் டீயும் சாப்பிட்டுவிட்டு வி.டி.க்கு நடந்து வரலாம். பல்லார்ட் எஸ்டேட்டில் உள்ள பிரிட்டானியாவின் பெர்ரி புலாவ் மதியத்துக்குத்தான், ஞாயிறு கிடையாது.

என் யோசனை வேறு. ஒன்பது மணி வாக்கில் வி.டி.யிலிருந்து ஸ்லோ வண்டியில் ஏறி மாட்டுங்காவில் இறங்குங்கள், ஃபாஸ்ட் அங்கே நிற்காது. ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடையும் வாழை இலையும் ஃபில்டர் காபி வாசனையும் வந்து நிற்கும், தமிழில் வழி கேட்கலாம். ராமாஷ்ரயாவிலோ, கொஞ்சம் நடந்து 1940 முதல் இருக்கும் கஃபே மெட்ராஸிலோ சாப்பிட்டுவிட்டு டாக்ஸி பிடித்தால் பி.கே.சி. பக்கம்தான்.

நேராகத் திரும்புகிறவர்கள் மெட்ரோவின் கடைசி வண்டி இரவு பத்தரை வாக்கில் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளூர் ரயில் நள்ளிரவுக்குப் பின்னும் ஓடும். சர்ச்கேட்டில் பாந்த்ராவுக்கோ அந்தேரிக்கோ போக வேண்டியவர் விரார் ஃபாஸ்ட்டில் ஏறாதீர்கள். அதில் ஏறுபவர்கள் தூரம் போகிறவர்கள், வாசலை அடைத்து நிற்பார்கள், நடுவில் இறங்க வழி கிடைக்காமல் போரிவலி வரை போன நண்பர் ஒருவர் திரும்பிவர இன்னொரு மணி நேரம் ஆனது. பாந்த்ரா, அந்தேரி வண்டிகள் தனியாக இருக்கின்றன, பத்து நிமிஷம் காத்திருந்து ஏறுங்கள்.

11. மதியம் கிடைக்காதவர்களுக்கு: விடியற்காலை வழி

இதே நடையின் சுருக்கம், கேட்வேயில் தொடங்கி. ஆறு மணிக்கு முதல் மெட்ரோ அல்லது ரயிலைப் பிடித்துச் சர்ச்கேட் வந்து, டாக்ஸியில் கேட்வே. அந்த நேரத்தில் கூட்டமில்லை, துறைமுகத்தின் மேல் சூரியன் ஏறி தாஜின் முகப்பில் வெயில் விழும். அங்கிருந்து காலா கோடா, ஓவல், சர்ச்கேட். உள்ளே போய்ப் பார்க்க எதுவும் திறந்திருக்காது, தெருவை மட்டும் பார்க்கலாம். எட்டரைக்கு சர்ச்கேட்டில் வண்டி ஏறினால் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும், நீங்கள் வடக்கே காலி இருக்கையில் போகலாம். எதிர் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நிமிஷத்தில் இறங்குவார்கள். அந்த அலை கடக்கும்வரை ஒரு தூணை ஒட்டி நின்றுவிட்டு, அப்புறம் உங்கள் வண்டிக்கு நடங்கள்.